வாசகர் கேள்வி – பதில்: தெளிந்த நீரெல்லாம் குடிநீர் ஆகுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே ஆழ்துளைக் கிணற்று நீர்தான். நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. டிடிஎஸ் மீட்டரில் 280 என்று காட்டுகிறது. இதற்கு மேலும் பரிசோதனை தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. டிடிஎஸ் மீட்டர் என்பது நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதைக் கொண்டு கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை உத்தேசமாகச் சொல்லும் கருவி மட்டுமே. எந்த உப்பு என்பதை அது சொல்லாது, கிருமி இருப்பதும் அதற்குத் தெரியாது. ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. உங்கள் கிணற்றில் அந்த வரம்பைப் போலப் பத்து மடங்கு ஆர்செனிக் இருந்தாலும் மீட்டரில் 280 என்ற எண் அசையப்போவதில்லை.

வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காகவே 1970-களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அவற்றில் பலவற்றின் நீரில் ஆர்செனிக் மிகுந்திருப்பது 1990-களில்தான் பரவலாகத் தெரியவந்தது. பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஆபத்தான குழாய்களுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூச வேண்டியதாயிற்று. அந்த நீரும் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. ஆகவே ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் ஆகிய நான்கையாவது ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால் பழைய அறிக்கை செல்லாது. புதிதாகச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் எப்போதும் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். பிறகு அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

பதில்: கிருமிகளைப் பொறுத்தவரை அச்சமில்லை, தளதளவென்று கொதித்தபின் இறக்கி, மூடிய பாத்திரத்திலேயே ஆற வைத்தால் போதும். ஆனால் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் எதுவும் கொதிப்பதால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டில், நைட்ரேட் அளவு தெரியாத கிணற்று நீரைப் புட்டிப்பாலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: கனமழைக்குப் பின் எங்கள் பொதுக் கிணறு கலங்கிவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?

பதில்: கலங்கலைத் தெளியவிடாமல் மருந்து போடுவது வீண், சேறும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும். வெள்ளநீர் உள்ளே இறங்கியிருந்தால் இயன்றவரை இறைத்துக் கொட்டிவிட்டு, ஊறி வரும் நீருக்கு மருந்திடுங்கள். கணக்கு எளிது. 2 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் ஏறத்தாழ 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 24 கிராம் அளவுக்குப் பவுடர் தேவைப்படும். முதலில் சிறிது நீரில் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிறைய நீரூற்றிக் கலக்கிச் சில நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும்.

இந்த அளவு தொடக்கம்தான். அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பார்த்து, குறைந்தால் மீண்டும் சேர்க்க வேண்டும். திறந்தே கிடந்த மூட்டையிலுள்ள பவுடர் பெரும்பாலும் வீரியம் இழந்திருக்கும். பலர் அதைத்தான் அள்ளிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

கேள்வி: பொதுக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. நான் ஒருவனாகப் புகார் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கிணற்றுக்கும், தொட்டியின் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே 30 மீட்டராவது இருக்க வேண்டும் என்பதும், குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே அமைய வேண்டும் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகள், பிளவுண்ட பாறை நிலத்தில் இதுகூடப் போதாது. உங்கள் புகாரில் இந்த அளவுகளும் ஆய்வக முடிவும் இடம்பெற்றிருந்தனவா? ‘நீர் கெட்டுவிட்டது’ என்று மட்டும் எழுதிய மனுவை ஓரங்கட்டுவது எவருக்கும் எளிது.

1854-இல் இலண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்கள் எங்கிருந்து நீர் எடுத்தனர் என்பதை விசாரித்து அப்பகுதி நிர்வாகக் குழுவிடம் எடுத்துச் சொன்ன பின்னரே, அங்கிருந்த அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பது உண்மைதான். ஆயினும் அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லாத தொலைவில் ஒரு வீட்டுக் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது.

நீங்களும் அவ்வாறே வீடுவாரியாகக் குறியுங்கள்: யார், எந்த நீரைக் குடித்தார், எந்த நாளில் வயிற்றுப்போக்கு கண்டது. அந்தக் கிணற்றிலும் தொலைவிலுள்ள மற்றொரு கிணற்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியின் உள்மூடியில் விரல் படக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடுமானால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பித்துவிடுங்கள். நூறு மில்லிலிட்டரில் ஒரே ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பதே விதி. முடிவு வந்ததும் அந்த நீரைக் குடிப்போர் அனைவரும் கையெழுத்திட்டு, உள்ளாட்சி அமைப்புக்கும் சுகாதாரத் துறைக்கும் மனு அளித்து ஒப்புகை பெறுங்கள். தீர்வு வரும்வரை அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

கேள்வி: குழாயில் முதல் சில நிமிடங்கள் மட்டும் நாற்றத்துடன் நீர் வருகிறது. ஏன்?

பதில்: நீர் விடாத நேரங்களில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதில்லை, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள், தங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அந்தச் சாக்கடையைத்தான் இழுத்துத் தருகின்றன. முதலில் வரும் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், விரிசலைத் தேடும்படி குடிநீர் வழங்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.