இடித்த வீட்டை ஏஐ மீட்டுத் தருமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் இருந்த எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் 2004-ல் பிரித்து விற்றுவிட்டார்கள். கையில் 14 பழைய போட்டோக்களும் ஒரு கல்யாண வீடியோ கேசட்டும் இருக்கின்றன. "ஏஐ மூலம் அப்படியே த்ரீடியில் கொண்டுவந்துவிடலாம், 60,000 ரூபாய், ஆல்பத்தைக் கொடுங்கள்" என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: முதலில், ஆல்பத்தைக் கொடுக்காதீர்கள். நீங்களே பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட் என்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), நெகட்டிவ் கிடைத்தால் 2400-க்குக் குறையாமல், தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாக. ஓரம் வெட்டக்கூடாது, கேமரா எங்கே நின்றது என்று கணக்கிடப் படத்தின் நடுப்புள்ளி வேண்டும், வெட்டினால் அது நகர்ந்துவிடும். ஆப்பில் போட்டு 'பளிச்' ஆக்கிய படமும் உதவாது. அதில் பாதி ஆப் வரைந்தது.

ஒரு தூணை உருவாக்க, அதே தூண் குறைந்தது இரண்டு வேறு இடங்களிலிருந்து தெரிய வேண்டும். உங்கள் 14 படங்களில் பெரும்பாலானவை முகப்பில் வரிசையாக நின்று எடுத்த குடும்பப் படங்களாக இருக்கும். மிச்சத்தை ஏஐ ஊகிக்கும். இந்தோனேசியாவின் ஜாவாவில் உள்ள போரோபுதூர் பௌத்தக் கோயிலில் கல்லால் மூடப்பட்ட அடித்தளச் சிற்பங்களை, பலகைக்கு ஒரே ஒரு பழைய படத்தை வைத்து ஜப்பானின் ரித்சுமேகான் பல்கலைக்கழகத்தார் ஏஐ மூலம் முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். அது முடிந்ததற்குக் காரணம், அதே கோயிலில் வெளியே தெரியும் சிற்பங்களைக் காட்டி ஏஐயைப் பழக்க முடிந்தது. பழக்காத ஏஐயிடம் விட்டால் உங்கள் வளவுக்கு (முற்றத்தைச் சுற்றிய தூண் கட்டு) ராஜஸ்தான் ஜன்னல் வைத்துவிடும்.

உங்களிடம் உள்ள பொக்கிஷம் அந்தக் கேசட்தான். ஆனால் எல்லாக் காட்சியும் ஆகாது. ஒரே இடத்தில் நின்று கேமராவை இடமிருந்து வலம் திருப்பிய காட்சி எவ்வளவு நீளமானாலும் வீண். நிற்கும் இடம் மாறாததால் ஆழம் கிடைக்காது. பெண்ணும் மாப்பிள்ளையும் முகப்பிலிருந்து பட்டாலை என்ற கூடத்தைத் தாண்டி வளவுக்குள் வரும்போது வீடியோக்காரர் அவர்கள் முன்னால் பின்வாங்கி நடந்திருப்பாரே, அந்த அரை நிமிடம்தான் வேண்டும். அதிலிருந்து நொடிக்கு இரண்டு மூன்று பிரேம் எடுத்து, பழைய வீடியோவில் அசைவின்போது விழும் வரிக்கோடுகளை நீக்கி, ஆட்களை மறைத்துவிட்டு, படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். தூண் வரிசை கிடைக்கலாம். விஎச்எஸ் கேசட்டின் தெளிவுக்கு மரச்செதுக்கு வேலை கிடைக்காது. பூஞ்சை பிடித்த டேப் என்றால் பிளேயரில் போடுவதற்கு முன் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

அடுத்தது அளவு. போட்டோவுக்கு அடிக்கணக்கு தெரியாது. தரையில் ஆத்தங்குடிக் கல் தெரிந்தால் எண்ணுங்கள். வளவில் 27 கல் என்றால், 8 அங்குலக் கல்லுக்கு 18 அடி, 10 அங்குலக் கல்லுக்கு இருபத்திரண்டரை அடி. உறவினர் வீட்டில் ஒரு பழைய கல் கிடந்தாலும் அளந்துவிடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கட்டு, அறை, முற்றம் என நீள அகலம் எழுதியிருக்க வாய்ப்புண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். ஆண்டும் பத்திர எண்ணும் இல்லாமல் போனால் 'தேடணும், அடுத்த வாரம் வாங்க' என்பார்கள், அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்கள். புல வரைபடம் மனையைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. அதை வைத்து 'பிளான் ரெடி' என்பவரிடம் சிக்காதீர்கள்.

இனி அந்த அறுபதாயிரக்காரர். சுற்றிச் சுழலும் எம்பி4 வீடியோவைக் காட்டினால் மயங்காதீர்கள். அதைப் படத்திலிருந்தே ஓட்டிவிடலாம். முப்பரிமாண மாடலையே தரும் ஓபிஜே (OBJ) அல்லது ஜிஎல்பி (GLB) ஃபைல் கேளுங்கள். அதைத் திறந்து இரண்டு தூண்களுக்கு இடையே அளக்கச் சொல்லுங்கள், தூணின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். படத்தில் இருந்தது ஒரு நிறம், ஊகித்தது இன்னொரு நிறம் எனப் பிரித்துத் தருவதாக எழுதிக் கொடுக்காதவருக்கு முன்பணம் தர வேண்டாம்.