மூன்று டாக்டர்கள், மூன்று நோய்ப்பெயர்கள்: எதை நம்புவது?

கேள்வி: "என் தம்பிக்கு 23 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஜூன் மாதம் திடீரென்று வேலைக்குப் போக மாட்டேன் என்று படுத்துவிட்டான். பேச்சும் சாப்பாடும் குறைந்துபோயின. குடும்ப டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். ஆகஸ்டில் அப்படியே நேர்மாறு. ராத்திரி தூக்கமில்லை, ஓயாத பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பதிவு செய்கிறார்கள் என்று செல்போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினான், காதில் குரல் கேட்கிறது என்றான். இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர் சைக்கோசிஸ் என்று எழுதினார். மூன்றாவது மருத்துவரோ, 'இருமுனைக் கோளாறாக இருக்கலாம், மனச்சிதைவா என்று இப்போது சொல்ல முடியாது, பார்ப்போம்' என்கிறார். மூளை ஸ்கேன் நார்மல். எங்கள் சித்தப்பா ஒருவருக்கும் மனச்சிதைவு இருந்தது. 'என் வளர்ப்பு சரியில்லை' என்று அம்மா அழுகிறார். உறவினர்கள் செய்வினை என்கிறார்கள், கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு டெஸ்ட் கூட இல்லாமல் இவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? யாரை நம்புவது?" (வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்:

மூன்று பெயர்களைக் கேட்டதும் மூன்று பேரும் ஊகித்துச் சொல்கிறார்கள் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாதங்களைக் கவனியுங்கள். முதல் டாக்டர் பார்த்தது ஜூன் மாதத்துத் தம்பியை: ஒடுங்கிப்போய், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தவரை. அன்றைக்கு அது மனச்சோர்வுதான். இரண்டாவது மருத்துவர் பார்த்தது குரல் கேட்டு, சந்தேகம் முற்றிய ஆகஸ்ட் மாதத்துத் தம்பியை. சைக்கோசிஸ் என்பது ஒரு தனி நோயின் பெயர் இல்லை. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது என்ற நிலையைக் குறிக்கும் பொதுச்சொல் அது. காய்ச்சல் என்று சொல்வது மாதிரி. டெங்குவா டைபாய்டா என்பது பிறகுதான் தெரியும். மூன்றாமவருக்குத்தான் ஜூனும் ஆகஸ்டும் சேர்ந்து கையில் கிடைத்திருக்கின்றன. அவர் சொல்லும் இருமுனைக் கோளாறு என்பது மனச்சோர்வும் அதற்கு நேர்மாறான எழுச்சியும் வெவ்வேறு காலங்களில் அலை அலையாக வரும் நோய். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது குரல் கேட்பதும் சந்தேகமும் மனநிலையைச் சாராமல் நீடிக்கும் நோய். அதனால்தான் அவர் அவசரப்படாமல் "பார்ப்போம்" என்கிறார். என்னைக் கேட்டால், மூவரில் உங்களுக்கு அதிகம் உதவக்கூடியவர் அவர்தான். அவரையே தொடர்ந்து பாருங்கள். நான்காவது டாக்டரைத் தேடிப் போக வேண்டாம்.

மனநோயைக் கண்டுபிடிப்பதில் காலம்தான் முக்கியமான பரிசோதனை. 1890களில் ஜெர்மனியில் எமில் கிரெப்லின் என்ற மருத்துவர் நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து குறிப்பு வைத்தார். ஒரு நாள் தோற்றத்தை வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரி தெரிந்தவர்களில் சிலர் அலை அலையாக நோய் வந்து, நடுவில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். வேறு சிலர் படிப்படியாக ஒடுங்கினார்கள். இன்று நாம் இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு என்று பிரித்துப் பேசுவதற்கு அவருடைய அந்தக் குறிப்புகள்தான் அடிப்படை.

மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபடும் பிரச்சினையும் புதிதல்ல. 1960களின் கடைசியில் நியூயார்க் மனநல மருத்துவர்களையும் லண்டன் மனநல மருத்துவர்களையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களில் பலரை லண்டன் மருத்துவர்கள் மனநிலைக் கோளாறு (மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்றவை) என்றே எழுதியிருப்பார்கள் என்று தெரியவந்தது. நோயாளிகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை, டாக்டர்கள் வைத்திருந்த வரையறையில்தான் வித்தியாசம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, எத்தனை அறிகுறி, எத்தனை நாள் என்று அளவுகோலை அச்சில் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது அதன் ஐந்தாம் பதிப்பும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பட்டியலும் பயன்பாட்டில் உள்ளன.

அந்த அளவுகோல்களில் கூட நாட்கணக்குதான் முன்னால் நிற்கிறது. மனச்சோர்வு என்று சொல்ல குறைந்தது இரண்டு வாரம். மேனியா என்கிற எழுச்சி நிலைக்கு ஒரு வாரம். மனச்சிதைவுக்கு ஐ.சி.டி-11 ஒரு மாதம் கேட்கிறது, அமெரிக்கக் கையேடு ஆறு மாதம் கேட்கிறது. ஆகஸ்டில் குரல் கேட்கத் தொடங்கியவருக்கு உடனே மனச்சிதைவு என்று முத்திரை குத்தாமல் இருப்பது மருத்துவரின் தயக்கம் அல்ல, முறை.

சரி, ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? ஆயிரம் நோயாளிகளின் ஸ்கேனைச் சராசரி எடுத்து ஒப்பிட்டால் சிறு வித்தியாசங்கள் தெரியும். ஒரு தனி மனிதரின் ஸ்கேனைப் பார்த்து "இவருக்கு மனச்சிதைவு" என்று சொல்லும் நிலைக்கு அறிவியல் இன்னும் வரவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் அப்படித்தான். அப்புறம் எதற்கு டெஸ்ட் எழுதுகிறார்கள் என்றால், மனநோய் போலவே வேஷம் போடும் உடல்நோய்களை விலக்கத்தான். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, சில வகை வலிப்பு, மூளைக்காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா இவையெல்லாம் குரலையும் சந்தேகத்தையும் கொண்டுவரக்கூடியவை. இளம் வயதினரைத் தாக்கும் ஒரு வகை மூளை அழற்சி 2007இல்தான் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பு அதில் சிலர் மனநோயாளிகளாகவே கருதப்பட்டிருப்பார்கள். சில நாட்களுக்குள் ஆளே மாறிப்போவது, கூடவே காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்பித் தப்பி வருவது, வாய் தானாக அசைவது என்று இருந்தால் அன்றே நரம்பியல் மருத்துவரிடம் ஓட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் தைராய்டும் பி12வும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் நார்மல் என்பதற்கு அர்த்தம் மூளையில் கட்டியோ ரத்தக்கசிவோ இல்லை என்பதுதான். தம்பி நடிக்கிறார் என்று யாராவது அதை வைத்துச் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஸ்கேன் சொல்லாததைத் தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல முடியும். "ராத்திரி தூங்கவில்லை" என்று எல்லாக் குடும்பமும் சொல்லும். நான் அடுத்து கேட்பது: தூங்காவிட்டாலும் காலையில் களைப்பே இல்லாமல் சுறுசுறுப்பாக அலைந்தாரா, இல்லை யாரோ வருகிறார்கள் என்ற பயத்தில் விழித்துக் கிடந்தாரா? முதலாவது எழுச்சி நிலையைக் காட்டும். இரண்டாவது வேறு திசையில் போகும். பக்கத்து வீட்டார் ஏன் பதிவு செய்கிறார்களாம்? "எனக்குத் தனிச் சக்தி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளத்தான்" என்றாரா, "என்னைத் தீர்த்துக்கட்டத்தான்" என்றாரா? குரல் அவரிடம் நேராகப் பேசுகிறதா, இல்லை இரண்டு பேர் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமானது: மனம் சமநிலைக்கு வந்த பிறகும் குரல் கேட்கிறதா? மனநிலை சீரானதும் குரலும் சந்தேகமும் சேர்ந்து மறைந்தால் இருமுனைக் கோளாறின் பக்கம் சாயும். மனநிலை சரியாக இருக்கும்போதும் அவை தொடர்ந்தால் மனச்சிதைவையோ, இரண்டும் கலந்த வகையையோ யோசிக்க வேண்டும்.

இதற்காக ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தூங்கிய மணி நேரம், சாப்பாடு, அன்றைக்குச் சொன்ன வார்த்தை, செய்த காரியம், அவ்வளவுதான். "சந்தேகப்படுகிறான்" என்று எழுதாதீர்கள். "கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினான், குழம்பை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்" என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். மருத்துவருக்கு அதுதான் வேண்டும்.

அந்த நோட்டில் ஜூன் மாதம் கொடுத்த மாத்திரையின் பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது எழுச்சி நிலையைத் தூண்டிவிடும். குடும்ப டாக்டரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நோய் பலருக்கு முதலில் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும், அன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது மருத்துவருக்கு இந்தத் தகவல் சிகிச்சையையே மாற்றக்கூடியது. இருமுனை என்று உறுதியானால் லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கிகள் பக்கம் போவார். மனச்சிதைவு என்றால் வேறு வகை மருந்து முதன்மையாகும். அதுவரை இப்போது கொடுத்திருக்கும் மாத்திரை தொடரட்டும். குரலும் தூக்கமின்மையும் அடங்க நோயின் இறுதிப் பெயர் தெரிந்தாக வேண்டியதில்லை. சைக்கோசிஸுக்குச் சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வது கடினமாகும் என்பதால் பெயருக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. உடல் எடையும் சர்க்கரையும் ஏறுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். சில மருந்துகளுக்கு அந்தத் தொல்லை உண்டு. நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி வருவதற்கு அதுதான் மிகச் சாதாரணக் காரணம்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். மரபுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் விதி மாதிரி இல்லை. மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ வருகிறது. சித்தப்பா, மாமா போன்ற உறவில் ஒருவருக்கு இருந்தால் நூற்றில் மூன்று நான்கு பேருக்கு வரலாம். அதாவது தொண்ணூற்றாறு பேருக்கு வராது. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதி அளவுதான், அதற்கும் குறைவு என்றுதான் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு தனி மரபணு இதைக் கொண்டுவருவதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித்துளி பங்களிக்கின்றன. பிரசவச் சிக்கல், சிறுவயதுக் கொடுமைகள், கடும் மன அழுத்தம், இளம் வயதில் தினமும் கஞ்சா என்று மற்றவை அதன்மேல் சேர்கின்றன. கஞ்சா பற்றித் தம்பியிடம் தனியாக, திட்டாமல் கேளுங்கள். அம்மா முன்னால் கேட்டால் உண்மை வராது. சித்தப்பாவைப் பற்றி மருத்துவரிடம் சொல்லும்போது, அவருக்கு நடுவில் பல மாதங்கள் பழையபடி நன்றாக இருந்ததா, எந்த மருந்து கேட்டது என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் எழுதிய பெயர் சரியா என்பதும் கேள்விதான்.

அம்மாவிடம் இதை என் சார்பில் வாசித்துக் காட்டுங்கள்: உங்கள் வளர்ப்பு இந்த நோயைக் கொண்டுவரவில்லை. 1940களில் அமெரிக்காவில் தாயின் குணம்தான் மனச்சிதைவை உண்டாக்குகிறது என்று ஒரு கருத்து கிளம்பியது. எத்தனையோ தாய்மார்களைக் குற்றவுணர்ச்சியில் தள்ளிய அந்தக் கருத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, மருத்துவ உலகம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. இனிமேல் வீட்டுச் சூழல் எப்படி இருக்கிறது என்பது மட்டும் முக்கியம். ஓயாத குத்திக்காட்டலும் சண்டையும் உள்ள வீடுகளில் நோய் திரும்பி வருவது அதிகம் என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம். "குரலெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இரு" என்று வாதாட வேண்டாம். ஆமாம் பதிவு செய்கிறார்கள் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உனக்கு அப்படிக் கேட்கிறது என்று புரிகிறது, எவ்வளவு பயமாக இருக்கும்" என்றால் போதும்.

செய்வினை என்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநலம் வேண்டிக் காலங்காலமாகப் போகிறார்கள். அம்மாவுக்கு ஆறுதல் என்றால் போய் வாருங்கள், மாத்திரை ஒரு வேளையும் தவறாமல். ஆனால் கட்டிப்போடும், அடிக்கும், பட்டினி போடும் எந்த இடத்திலும் தம்பியை விடாதீர்கள். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதே சட்டத்தில் நோயாளிக்கு இருக்கிறது. முந்தைய இரண்டு இடங்களிலும் சீட்டுகள் கிடைக்கவில்லை என்றால் தம்பி அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம்.

கல்யாணத்தை இப்போது பேசவே வேண்டாம். கல்யாணம் எந்த மனநோயையும் குணமாக்கியதில்லை. தூக்கம் கெடுவதும் செலவும் பதற்றமும் சேர்ந்து, இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அடுத்த அலையைக் கொண்டுவரக்கூடும். தம்பி நன்றாகி, வேலைக்குப் போய், தானே விரும்பும் காலத்தில் பெண் வீட்டாரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். மறைத்துச் செய்தால் முதலில் நிற்பது மாத்திரைதான், ஒளித்து வைத்துச் சாப்பிட முடியாது அல்லவா?

அடுத்த முறை போகும்போது தம்பி மருத்துவரோடு தனியாகப் பேசட்டும். பிறகு நீங்கள் நோட்டோடு போய், பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். சாக வேண்டும் என்று பேசினால், குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டால், இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடு ராத்திரியில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.