மறு: தூரத்து எறிதல் சரி, பக்கத்து எறிதல் மட்டும் தவறுகிறது

பேஸ்பாலில் இரண்டாவது பேஸில் (ஓடுபவர்கள் தொட்டுச் செல்லும் நான்கு முனைகளில் ஒன்று) காவல் நிற்கும் உங்கள் மகனின் கையைத் திருத்தப் போகாதீர்கள். ஓடிப் பிடித்து தூரத்திலிருந்து அவசரமாக எறிவது சரியாகப் போகிறது, நிதானமாகப் பக்கத்திலுள்ள முதல் பேஸுக்கு எறிவது மட்டும் தலைக்கு மேல் பறக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் எறியும் முறையில் இல்லை. யோசிக்க நேரம் கிடைப்பதுதான் வினை. தானாக நடந்த செயலை மனம் மேற்பார்வையிடத் தொடங்கிவிடுகிறது. இதை யிப்ஸ் என்பார்கள்.

ஒரு சோதனை: அதே தூரத்தில் வலையை நோக்கி 20 பந்துகள் எறியட்டும். பிறகு முதல் பேஸில் ஆளை நிறுத்தி இன்னொரு 20. ஆள் நின்றதும் சிதறினால் சந்தேகம் வலுக்கிறது. பிடித்த ஓட்டத்திலேயே, நிற்காமல், காலை நகர்த்தியபடி எறியப் பழக்குங்கள். "கவனமாக எறி" என்று சொல்வதை மட்டும் தவிருங்கள் (ஓரத்தில் நின்று கத்தும் அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்).

அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணியில் இதே இரண்டாவது பேஸில் ஆடிய ஸ்டீவ் சாக்ஸ் 1983இல் 30 பிழைகள் செய்தும் மீண்டார். அதே இடத்தில் ஆடி இதே கோளாறு வந்த யாங்கீஸ் அணியின் சக் நாப்லாக்கையோ 2001இல் லெஃப்ட் ஃபீல்டுக்கே (வெளி மைதானத்தின் இடப்பக்கம்) மாற்ற வேண்டியதாயிற்று. எனவே இத்தனை வாரத்தில் சரியாகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

முழங்கையில் வலியோ விரல்களில் மரத்துப்போதலோ இருந்தால் இந்தப் பயிற்சியெல்லாம் பிறகு. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.