ஆபீசில் கிறிஸ்தவராகத் தைரியமாக ஜெபிப்பது, நடந்துகொள்வது எப்படி?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஆபீஸ் கேன்டீனில் சாப்பாட்டுக்கு முன்னால் கண்மூடி ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது, எதிரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், மனுஷர் முன்பாக மறுதலித்தால் பிதாவின் முன்பாக மறுதலிக்கப்படுவோம் என்ற பைபிள் வசனம் உறுத்துகிறது, தைரியமாக ஜெபிக்க என்ன வழி.

தம்பி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். ஊரில் ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் ஐக்கியம் என்று வளர்ந்து, இப்போதுதான் சென்னையிலோ பெங்களூரிலோ முதல் வேலைக்குப் போயிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஊரில் தெருவே கிறிஸ்தவத் தெருவாக இருந்திருக்கும், ஆலயமணி அடித்தால் எல்லோரும் எழுந்திருப்பார்கள், அங்கே ஜெபிக்கத் தைரியமே தேவைப்பட்டிருக்காது. எனக்கும் அப்படித்தான். சாயர்புரம் பக்கம் ஒரு கிராமம்.

சாப்பாட்டு ஜெபத்துக்குப் பதில் ஒரு வரிதான். கண்ணைத் திறந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடியே, மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். தெருமுனையில் நின்று மற்றவர்கள் பார்க்க ஜெபிக்காதே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபி என்று சொன்னதும் அதே இயேசுதான். உடனே யாராவது கமென்ட்டில் வந்து 'தானியேல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தானே ஜெபித்தார்' என்பார்கள், தெரியும். அவர் ஜெபிப்பதற்குத் தடைச் சட்டம் போட்டிருந்தார்கள், மீறினால் சிங்கக் குகைதான். உங்கள் கேன்டீனில் அதிகபட்சம் பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

உங்கள் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் வேறு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஜெபத்துக்குக் குறைவே இல்லை, தினமும் சத்தமாகவே நடந்தது. தைரியம் தேவைப்பட்டது வேறு இடத்தில்.

சிவகாசிப் பக்கம் ஒரு பிரிண்டிங் பிரஸ். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். முதலாளி நம்மவர், சபையில் நல்ல பெயர், கோவில் வேலைக்கு அள்ளிக் கொடுப்பவர். காலை ஒன்பது மணிக்கு மெஷின் ஓடுவதற்கு முன்னால் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். ஒரு கீர்த்தனை, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபம். முறை வைத்து ஜெபிப்போம். கிறிஸ்தவர் அல்லாத தொழிலாளர்களும் கைகூப்பி நிற்பார்கள், அவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை, காலையில் சாமி கும்பிட்டுத் தொடங்குவது அந்த ஊரில் எல்லா இடத்திலும் உள்ளதுதான்.

காலண்டர் தொழில் தெரியாதவர்களுக்காக: ஆடிப்பெருக்குக்குப் புது மாதிரி ஆல்பம் வெளியாகும், அதிலிருந்து டிசம்பர் முடியும்வரை மூச்சு விட நேரம் இருக்காது. எங்கள் பிரசில் தினசரி காலண்டரோடு, ஒவ்வொரு தாளிலும் ஒரு வசனம் போட்ட காலண்டரும் அடிப்போம். பைண்டிங் பிரிவில் ஐம்பது அறுபது பெண்கள். தாள் அடுக்குவது, பசை தடவுவது, தகடு அடிப்பது எல்லாம் அவர்கள்தான்.

அதில் ஒரு அக்கா, மூத்த ஆள், ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) அட்வான்ஸ் போடலாம் என்று பிரவுசிங் சென்டரில் பாஸ்புக் எடுத்திருக்கிறார். அந்தத் தாளை மேஜையில் விரித்து, பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்த விரலால் கடைசி வரியைக் காட்டி, "பாப்பா, இதுக்குக் கீழ ஏன் ஒண்ணும் இல்ல? பேப்பர் தீந்துபோச்சா?" என்றார். பேப்பர் தீரவில்லை. தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று கட்டத்திலும் ஒரு மாதம்வரை தொகை இருந்தது, அதற்குப் பிறகு வரியே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போகிறது.

கூலிப் பட்டியல் போடுவது நான். பிஎஃப் கட்டுவதை வெளியே ஒரு கன்சல்டன்ட் வழியாக முதலாளியே பார்த்துக்கொண்டார். பணம் கட்டியதற்கான சலானை நான் கேட்டபோதெல்லாம் "பாத்துக்கலாம்மா" என்றுதான் பதில். ஆனால் கூலிப் பட்டியலில் பிடித்தம் மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கணக்கு எளிது. 9,000 ரூபாய் சம்பளம் என்றால் 12 சதவீதம், 1,080 ரூபாய் அந்த அக்காவிடமிருந்து பிடிக்கிறோம். முதலாளி தன் பங்காக இன்னொரு 1,080 போட வேண்டும், அதில் 750 பென்ஷனுக்கும் 330 பிஎஃப்புக்கும் போகும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். முதலாளி பங்கைக் கட்டவில்லை என்றால் அது பாக்கி. தொழிலாளியிடம் பிடித்ததையும் கட்டவில்லை என்றால் அதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கும்.

எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு சீனியர் அண்ணன், முருக பக்தர், வருஷா வருஷம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர். அவரிடம் சொன்னேன். "நாளைக்கு உன் முறைதானே, ஜெபத்துலயே போட்டு உடைச்சிரு. எல்லாரும் கண்ண மூடிட்டு இருப்பாங்க, அவரால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். யோசனை பிடித்துத்தான் இருந்தது. பைபிளில் யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தாலே போதும், அறுப்பறுத்த வேலைக்காரருடைய கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று பச்சையாக எழுதியிருக்கிறது, நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. பயமா என்று கேட்டால், பயமும்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுவதுபோல முதலாளியிடம் பேசுவது ஜெபம் இல்லை, அது மறைந்து நின்று கல் எறிவது. இதற்கும் சிலர் சண்டைக்கு வருவார்கள், தீர்க்கதரிசிகள் எல்லாம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லையா என்று. கண்டித்தார்கள், ராஜாவின் முகத்தைப் பார்த்து, கண்ணைத் திறந்துகொண்டு.

அந்த நாட்களில் நான் பிடித்துக்கொண்டது பைபிளில் வருகிற நெகேமியாவை. கணக்கு வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பேன். அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரர், அதாவது ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறுகிறவர். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று அவருக்குச் செய்தி வருவது கிஸ்லேவு மாதம். ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதம். இடையில் நான்கு மாதம் போல. அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். அப்புறம் ஒரு நாள் ராஜாவே, ஏன் முகம் வாடியிருக்கிறது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு வரி வருகிறது: பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் செய்துவிட்டுப் பேசினார் என்று. முழங்கால் போடவில்லை, கண்ணை மூடியிருந்தால் ராஜா என்ன நினைத்திருப்பாரோ. மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்கு முன்னாலேயே தான் மிகவும் பயந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார், இது எனக்குப் பெரிய ஆறுதல். இன்னொன்றும் கவனித்தேன். அனுமதி கிடைத்ததும் மனிதர் தடுமாறவில்லை, எத்தனை நாள் லீவு, எந்த அதிபதிகளுக்குக் கடிதம், மரத்துக்காக ராஜாவின் வனக்காவலர் ஆசாப்புக்கு ஒரு கடிதம் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்குகிறார். நான்கு மாதம் ஜெபித்தவர் கூடவே பட்டியலும் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

நானும் பட்டியல் போட்டேன். ஆள் ஆளாக, மாதம் மாதமாக, பிடித்தது எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு, தாமதத்துக்கு வருஷம் 12 சதவீத வட்டி எவ்வளவு, அதற்கு மேல் அபராதமும் வரும் என்று. அதே நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில், சொந்த ஜனத்திடம் நூற்றுக்கு ஒன்று வட்டி வாங்கிய பிரபுக்களைக் கூப்பிட்டு, வாங்கினதைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். மாத வட்டி என்று எடுத்துக்கொண்டால் வருஷத்துக்கு அதே 12 வருகிறது. தற்செயல்தான், இதில் வெளிப்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் எக்செலில் அந்த எண்ணைப் பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது.

காலை ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கேபின் கதவைத் தட்டினேன். கதவுக்கு வெளியே நான் ஜெபித்தது "ஆண்டவரே, குரல் நடுங்காமல் இருக்கட்டும்" என்பது மட்டும். நடுங்கத்தான் செய்தது.

"அண்ணாச்சி, பிஎஃப் பாக்கி பட்டியல் கொண்டு வந்திருக்கேன்."

வாங்கிப் பார்த்தார். பேப்பர் மில்லுக்குக் கட்ட வேண்டியது, வெளியூர் ஏஜென்ட்டுகள் தர வேண்டியது, பேங்க் வட்டி என்று சொல்லிக்கொண்டே போனார். பொய்யில்லை, அந்த வருஷம் நெருக்கடிதான், நானே கணக்கெழுதியவள். அப்புறம் குரல் மாறியது. "ஏம்மா, நீ என்ன யூனியன்ல சேந்துட்டியா? நம்ம பிள்ளைன்னுதான உன்ன வேலைக்கு எடுத்தேன்."

"அதனாலதான் அண்ணாச்சி உங்ககிட்டயே வந்தேன். ஆபீசர் வந்து கேட்டா இதே கணக்கத்தான் நான் காட்டணும். அடுத்த மாசத்துலேருந்து கட்டாம பிடிக்கிற பட்டியல் என்னால போட முடியாது."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் அத்தனை நாள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் வேலை போகலாம். அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. முதலாளி பட்டியலை மேஜை டிராயரில் போட்டு, "போய் வேலையைப் பாரு" என்றார்.

இங்கே ஒரு அற்புதத்தை எதிர்பார்ப்பீர்கள். அவர் பைபிளில் வருகிற வரி வசூலிப்பவர் சகேயு மாதிரி எழுந்து நின்று நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால், காலை ஜெப முறையிலிருந்து என் பெயர் காணாமல் போனது. இரண்டு மூன்று மாதம் சரியாகப் பேசவே இல்லை. ஆனால் அடுத்த மாதப் பிஎஃப் 15ஆம் தேதிக்கு முன்னால் கட்டப்பட்டது. பழைய பாக்கி தவணை தவணையாக உள்ளே வந்தது, நான் அங்கிருந்து விலகும்போதும் கொஞ்சம் மீதி இருந்தது. அந்த அக்காவின் கணக்கு நிரம்புவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, வட்டிக்கு வாங்கித்தான் நடத்தினார். விலகிய பிறகு அனுபவச் சான்றிதழ் வாங்க நான் நடந்த நடை தனிக்கதை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. என் அப்பாவின் ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்டபோது எண்ணிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்ததும் அதே கைதான். அதனால்தான் அந்தக் கேபினுக்குள் போவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஜெபம் என்று பேச்செடுத்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான். எனக்கு வயது முப்பத்தைந்தைத் தொடுகிறது, கல்யாணம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் எந்த வீட்டு ஜெபத்துக்குப் போனாலும், கிரகப்பிரவேசமாக இருந்தாலும் துக்க வீடாக இருந்தாலும், கடைசியில் ஐயரம்மா (போதகரின் மனைவி) என் தலையில் கை வைத்து "இந்த மகளுக்கு ஏற்ற துணையைக் கட்டளையிடும்" என்று தொடங்கிவிடுகிறார். சுற்றி இருபது பேர் ஆமென் சொல்கிறார்கள். ஒருவராவது முன்கூட்டி, உனக்காக எதற்கு ஜெபிக்கட்டும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த நாட்களில் பிஎஃப் பாக்கி என்று சொல்லியிருப்பேன். சாட்சி நேரத்திலும் இதே கதைதான், விசா கிடைத்தது, மனை கிரயமானது, பையனுக்கு சீட் கிடைத்தது. நியாயமாகக் கணக்கு எழுதியதால் எனக்கு இன்க்ரிமென்ட் போனது, ஸ்தோத்திரம் என்று யாரும் மைக் பிடித்து நான் பார்த்ததில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். அப்போஸ்தலர் நாலாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இயேசுவின் சீடர்கள் பேதுருவையும் யோவானையும், அவர் பெயரில் பேசக் கூடாது என்று அதிகாரிகள் மிரட்டி அனுப்புகிறார்கள், அவர்கள் வந்து மற்றவர்களோடு சேர்ந்து ஜெபிக்கிறார்கள். மிரட்டுகிறவர்களை அப்புறப்படுத்தும் என்று கேட்கவில்லை. அவர்கள் மிரட்டுவதைப் பார்த்துக்கொள்ளும், எங்களுக்குப் பேசத் தைரியம் தாரும் என்கிறார்கள். நீங்கள் கேன்டீன் கூச்சம் போக வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஆபீசிலும் ஒரு கேபின் கதவு இருக்கும். செய்யாத வேலைக்கு மணிக்கணக்கு எழுதச் சொல்கிற டீம் லீடாக இருக்கலாம், வேறொரு பையன் செய்ததைத் தன் பெயரில் காட்டுகிறவராக இருக்கலாம், ஹவுஸ்கீப்பிங் அம்மாவை ஏய் என்று கூப்பிடுகிறவராக இருக்கலாம். அதற்காக ஜெபிக்கத் தொடங்குங்கள். நாள் எடுத்துக்கொள்ளுங்கள், விவரம் சேருங்கள், வேலை போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்றும் கணக்குப் போடுங்கள், அது அவிசுவாசம் இல்லை. வீட்டில் கடன் இருக்கிறது, இப்போது முடியாது என்றால் அதையும் அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள், நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கிற மற்ற மதத்து நண்பர்களுக்கு, இது மதப் பிரசாரம் இல்லை, விஷயத்தை ஜெபத்தில் போட்டு உடைக்கும்படி என்னிடம் சொன்னதே அந்த முருக பக்தர்தான். 'சலான் கேட்டும் வரவில்லை என்றால் நேராக பிஎஃப் ஆபீசுக்கே எழுதிப் போட்டிருக்கலாமே' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அந்தக் கதவும் திறந்துதான் இருந்தது, அவர் கட்டாமல் இருந்திருந்தால் அடுத்து அங்கேதான் போயிருப்பேன்.

அப்புறம் தம்பி, உங்கள் பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். பிஎஃப்பில் ஏதாவது சந்தேகம் என்றால் கீழே கேளுங்கள், ஜெபத்தைவிட எனக்கு அதில்தான் விவரம் அதிகம்.