மக்கள் ஏன் சைவ உணவுக்கு மாறுறாங்க, சிலர் ஏன் அதைத் தவிர்க்கறாங்க?

சிலர் சைவத்துக்கு மாறுறாங்க, சிலர் யார் என்ன சொன்னாலும் அந்தப் பக்கமே வர மாட்டேங்கறாங்க, ஏன்னு கேட்டிருக்கீங்க. நான் கறி மீன் சாப்பிட்டு வளர்ந்தவன், பெரியவனானப்புறம் கொன்னு சாப்பிடறது மனசுக்கு ஒத்துக்காம நிறுத்திட்டேன், பல வருஷமாச்சு. அதனால என் பதில் கொஞ்சம் ஒரு பக்கம் சாயும், முதல்லயே சொல்லிடறேன்.

உலகத்துல பெரும்பாலான பேர் இதை முடிவே பண்றதில்ல. வீட்ல என்ன சமைச்சாங்களோ அதுதான் கடைசி வரைக்கும். ஜைனக் குடும்பத்துல பிறந்தவருக்கு சைவம் ஒரு கேள்வியே இல்ல, மீன்பிடிக்கற குடும்பத்துல பிறந்தவருக்கு மீனும் அப்படித்தான். உக்காந்து யோசிச்சு மாத்திக்கறவங்க கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கொஞ்சம் பேர் சொல்ற காரணம் பொதுவா மூணு, உடம்பு, பூமி, உயிர். மூணும் ஒரே தட்டுல கொண்டு போய் விடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, எனக்கு அப்படித் தோணல. காரணம் மாறினா சாப்பாடும் மாறும், இதைக் கவனிக்காம பேசறதாலதான் பாதி சண்டை வருது.

உடம்புக்காக மாறுறவங்களை எடுத்துக்கோங்க. 2015ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, சாசேஜ் பேக்கன் மாதிரி பதப்படுத்தின இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியாவே சொல்லிடுச்சு, தினம் 50 கிராம் சாப்பிட்டா குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும்னு கணக்கும் கொடுத்தாங்க. நூத்துக்கு பதினெட்டு பேருக்கு வந்துடும்னு இதை எடுத்துக்கக் கூடாது, ஏற்கனவே இருக்கற வாய்ப்பு அந்த அளவு கூடுது, அவ்வளவுதான். ஆட்டுக்கறி மாட்டுக்கறி மாதிரி சிவப்பு இறைச்சிய "அனேகமா உண்டாக்கலாம்"னு ஒரு படி கீழ வச்சாங்க. ஆனா இதைப் படிச்சு பயந்தவர் மீனை விடணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல பாருங்க, அந்த அறிக்கை மீனை மதிப்பிடவே இல்ல. அதனால உடம்புக்காக மட்டும் மாறினவர் நாளைக்கு டாக்டர் மீன் சாப்பிடுங்கன்னு சொன்னா திரும்பிடுவார், அதுல தப்பும் இல்ல, அவர் காரணத்துக்கு அவர் உண்மையாத்தான் இருக்கார்.

பூமிக்காக மாறுறவங்க கணக்கு வேற. மனுஷங்களால வெளியாகற, பூமிய சூடாக்கற பசுமை இல்ல வாயுக்கள்ல 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்புல இருந்து வருதுன்னு ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு 2013ல சொல்லுச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு கிட்ட மாடு மட்டும்தான். அசை போடற மிருகத்தோட வயித்துல தீவனம் புளிக்கறப்ப மீத்தேன்ங்கற பசுமை இல்ல வாயு உண்டாகுது, கோழிக்கு அது கிடையாது. அப்ப மாட்டுக்கறிய விட்டுட்டு கோழிக்கு மாறினாலே இவங்க கணக்குல பெரிய லாபம்.

என்னை மாதிரி உயிருக்காக மாறினவனுக்கு இங்கதான் நெஞ்சு அடைக்குது. ஒரு மாட்டுல கிடைக்கற கறி அளவுக்கு கோழிக்கறி வேணும்னா நூறு கோழிக்கு மேல கொல்லணும், அதுவும் பெரும்பாலும் கூட்டமா அடைச்சு வச்சு ஆறேழு வாரத்துல வெட்டற பிராய்லர் கோழி. ஒருத்தர் நல்லதுன்னு பண்ற அதே மாற்றம் இன்னொருத்தர் கண்ணுக்கு இருக்கறதுலயே மோசமான மாற்றம், ரெண்டு பேரும் நல்ல மனசோடதான் பேசறாங்க. இன்னும் உள்ள போனா பாலும் முட்டையும் கூட நிக்காது. முட்டைக் கோழி இனத்துல பிறக்கற ஆண் குஞ்சு முட்டையும் போடாது கறிக்கும் ஆகாது, பொரிச்ச அன்னைக்கே கொன்னுடறது பல நாட்டுல வழக்கம் (ஜெர்மனி 2022ல இருந்து இதைத் தடை பண்ணிடுச்சு). பசு பால் கொடுக்கணும்னா கன்னு போடணும், அந்தக் காளைக் கன்னு எங்க போகுதுன்னு கேட்டா பதில் கஷ்டமா இருக்கும். 1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சனும் கூட இருந்தவங்களும் சைவ சங்கத்துல இருந்து பிரிஞ்சு வீகன் (பால் முட்டை கூட சாப்பிடாதவங்க) சங்கம் ஆரம்பிச்சதுக்கு இந்தப் பால் முட்டைப் பிரச்சினைதான் காரணம். உயிர்தான் காரணம்னு சொல்றவங்க இதையும் யோசிச்சே ஆகணும்னு நான் நினைக்கறேன்.

சரி, தவிர்க்கறவங்க? ருசி, பழக்கம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கு மேல சில காரணங்கள் ரொம்ப நியாயமானது. பனிப் பிரதேசத்துல வாழற இனுயிட் மக்களும், புல்வெளிய மட்டும் நம்பி இருக்கற மங்கோலிய மேய்ப்பர்களும் புல்லையும் பனியையும் தின்ன முடியாது, அந்த நிலத்தை சாப்பாடா மாத்தறதே மிருகம்தான். பருப்பு பயறு செரிக்காத வயிறு இருக்கு, சோயாவும் நட்ஸும் அலர்ஜியா இருக்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போய் புரோட்டீனுக்கு இதை சாப்பிடுங்கன்னு சொல்றது எப்படி? ஏழை வீட்டுக் குழந்தைக்கு தினம் ஒரு முட்டை எவ்வளவு பெரிய சத்துன்னு தெரிஞ்சவங்க அந்த முட்டையப் பிடுங்க மாட்டாங்க, நானும் மாட்டேன்.

அப்புறம் உறவு. சேர்ந்து உக்காந்து சாப்பிடற இடத்துல ஒருத்தர் மட்டும் வேண்டாம்னு சொன்னா சமைச்சவங்க மனசு வாடிடும், மாமியார் வீட்ல, பார்ட்டில, ஆபீஸ் டூர்லன்னு ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லணும், நிறைய பேர் திரும்ப கறிக்குப் போறதுக்கு ருசிய விட இந்தக் களைப்புதான் காரணம்னு எனக்குத் தோணுது. சைவம் சாப்பிடறவங்க சிலர் அடுத்தவன் தட்டைப் பாத்து அவனை மட்டமா பேசறதும் பெரிய காரணம், இது எனக்கு ரொம்ப கோபம் வர்ற விஷயம், கோழி மேல காட்டற கருணைய எதிர்ல உக்காந்திருக்கற மனுஷன் மேலயும் காட்டணும்ல.

மாறலாமான்னு யோசிச்சுதான் கேக்கறீங்கன்னா சத்து விஷயத்துல மட்டும் அலட்சியம் வேண்டாம். செடில இருந்து கிடைக்கற இரும்புச் சத்தை உடம்பு கம்மியாத்தான் உறிஞ்சும், கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி வைட்டமின் சி இருந்தா நல்லா ஏறும், சாப்பாட்டோட டீ காபி குடிச்சா குறையும். அதை விட முக்கியம் வைட்டமின் பி12. அதை உண்டாக்கறது பாக்டீரியா, நமக்கு இயற்கையா வந்து சேர்றது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாத்தான். ஈரல்ல சில வருஷத்துக்கான சேமிப்பு இருக்கறதால மாறின உடனே ஒண்ணும் தெரியாது, எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகலன்னு தைரியமா இருப்பாங்க, அப்புறம் கை கால் மரத்துப் போறது, மறதி, சோர்வுன்னு மெதுவா ஆரம்பிக்கும், நரம்புக்கு வந்த பாதிப்பு ரொம்ப நாள் கவனிக்காம விட்டா முழுசா சரியாகாமலும் போகலாம். கீரை காய்ல போலேட்ங்கற இன்னொரு வைட்டமின் நிறைய இருக்கறதால பி12 குறைஞ்சா வர்ற ரத்தசோகை வெளிய தெரியாம மறைஞ்சுடலாம், அதனால ஹீமோகுளோபின் நார்மல்னு விட்டுடாம பி12 டெஸ்ட் தனியா எடுத்துப் பாருங்க. பால் முட்டையும் விடறதா இருந்தா மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம், கர்ப்பமா இருக்கறவங்களும் பால் கொடுக்கற அம்மாவும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் மாறணும். ஸ்பைருலினால (சத்து மாத்திரையா விக்கற ஒரு வகைப் பாசி) பி12 இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுல இருக்கறது பெரும்பாலும் நம்ம உடம்பால பயன்படுத்திக்க முடியாத வடிவம்.