பதினாலு டோஸுக்குப் பதினாலு வரி வேணுமா?

கேள்வி: எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கு நான்மெம்ல (மருந்து உடம்புல எப்படி ஏறி இறங்குதுன்னு கணக்கு போடற ப்ரோகிராம், டோஸை டேட்டா ஃபைல்ல வரிவரியா எழுதணும்) மாடல் பண்றேன். 500 மி.கி. மாத்திரை, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏழு நாள். ஏழாம் நாள் காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்த சாம்பிள் எடுத்திருக்காங்க. ஒரு சீனியர் ஏடிடிஎல் 14 போடுங்கறாங்க, இன்னொருத்தர் எஸ்எஸ் 1 (மருந்து அளவு ஏற்கெனவே நிலையாயிடுச்சுங்கற குறி) போட்டா ஒரே வரி போதும்ங்கறாங்க. எதைக் கேக்கறது?
- மாணவி, மதுரை

பதில்: ரெண்டுமே அப்படியே போட்டுடாதீங்கம்மா. ஏடிடிஎல்ங்கறது அந்த வரில இருக்கற டோஸுக்கு *மேல* எத்தனைங்கற கணக்கு, அதனால பதினாலு டோஸுன்னா 13தான் வரணும், ஐஐ (ரெண்டு டோஸுக்கு நடுவுல இருக்கற இடைவெளி) 12, அதுவும் டேட்டா ஃபைல்ல டைம்ங்கற நெடுவரிசையை மணிக்கணக்குல போட்டிருந்தா மட்டும்.

ஆனா எனக்கு அந்த 13-லயே சம்மதமில்ல. வீட்ல மாத்திரை சாப்பிடறவங்க யாரு சரியா பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை சாப்பிடறாங்க, காலை எட்டுன்னா ராத்திரி சாப்பாடு முடிச்சு ஒன்பதாயிடும், அப்போ டைம் 0-ல (காலை எட்டு) ஒரு வரி, டைம் 13-ல (ராத்திரி ஒன்பது) ஒரு வரி, ரெண்டுக்கும் ஐஐ 24, ஏடிடிஎல் 4னு போடுங்க, முதல் அஞ்சு நாள் முடிஞ்சது. ஆறாம் நாள் ரெண்டு டோஸையும் நோயாளி சொன்ன நிஜ நேரத்தோட தனித்தனி வரியா எழுதுங்க. சாம்பிள்ல தெரியற அளவை ரொம்ப பாதிக்கறது அதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு டோஸ்தான், அங்க ஒரு மணி நேரம் தப்பினா கூட கிளியரன்ஸ் (உடம்பு மருந்தை வெளியேத்தற வேகம்) கணக்கு தள்ளிப் போகும், மூணாம் நாள்ல தப்பினா பெருசா தெரியாது (அரை ஆயுள், அதாவது மருந்து பாதியாக் குறையற நேரம், சில மணிதான்னா).

இங்க ஒண்ணு ரொம்ப கவனம். ஏடிடிஎல்-ஐ 13-லயே விட்டுட்டு ஆறாம் நாள் வரிகளையும் சேர்த்தா பழைய டோஸ் நிக்காது, ரெண்டும் சேர்ந்து உள்ள போகும், ப்ரோகிராம் எரர் எதுவும் காட்டாது.

எஸ்எஸ் 1ங்கறது ஆரம்பத் தேதியே தெரியாதவங்களுக்கு, வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிடறவர் மாதிரி. அது முந்தின வரிகள்ல உடம்புல சேர்ந்திருந்த மருந்தையெல்லாம் அழிச்சிட்டு, காலங்காலமா இதே டோஸ் போயிட்டிருக்குன்னு வச்சுக்கும். உங்க கிட்ட முதல் நாளே தெரியுது, அப்புறம் எதுக்கு அது? அதுவும் ரிஃபாம்பிசின் மாதிரி, தன்னைத் தானே வேகமா வெளியேத்திக்க உடம்பைப் பழக்கற மருந்துன்னா முதல் வாரத்துல கண்டிப்பா வேண்டாம், கிளியரன்ஸ் நாளுக்கு நாள் கூடிட்டே போகும், எஸ்எஸ் ஒரே கிளியரன்ஸை வச்சு கணக்கு போட்டுடும்.

இன்னொண்ணு, ஏடிடிஎல் டோஸுக்கெல்லாம் அவுட்புட் டேபிள்ல வரி வராது. கிராஃப்ல ஏத்த இறக்கம் முழுசா தெரியணும்னா நடுநடுவுல இவிஐடி 2 வரிகளை (டோஸும் இல்லாத, சாம்பிளும் இல்லாத வரிகள்) நீங்களே சேர்த்துக்கணும்.