பின்சீட்டுக்கு அடியில்தான் பாதி வேலை

கார் கேள்வி–பதில். இந்த முறை வந்தவை எல்லாம் பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபை நாலு சக்கரமும் இழுக்கும் டர்போ வண்டியாக மாற்றுவது பற்றி.

கேள்வி: 1989 கோல்ஃப் ஜிடிஐ வைத்திருக்கிறேன். ஃபோக்ஸ்வேகனின் 1.8 டர்போ இன்ஜினும் நாலு சக்கர டிரைவும் ஏற்ற ஆசை. முதலில் எதை வாங்குவது?

பதில்: இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள். 1.8 டர்போ இன்ஜின் உள்ள அடிபட்ட ஆடி டிடி குவாட்ரோ (நாலு சக்கர டிரைவு மாடல்) ஒன்றை முழு வண்டியாக வாங்குங்கள். முன் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும் பெவல் பெட்டி வேகத்தைக் கூட்டிப் பின்னால் அனுப்பும். பின் டிஃபரன்ஷியல் அதே அளவு குறைக்கும். இரண்டும் வெவ்வேறு வண்டியில் இருந்து வந்து விகிதம் பொருந்தாவிட்டால், நேர் ரோட்டில் போகும்போதே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டுக்கும் இடையில் பின்பக்கத்துக்கு விசையை விடும் ஹால்டெக்ஸ் கிளட்ச் ஓயாமல் சூடாகி வெந்துவிடும். முழு வண்டி வாங்கினால் வயரிங், பெட்ரோல் டேங்க் எல்லாம் கூடவே வரும்.

உங்கள் வண்டியின் கிளட்ச் கேபிளில் இயங்குவது. டிடியின் 02எம் கியர்பாக்ஸுக்கு ஹைட்ராலிக் கிளட்ச். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள ஃபோக்ஸ்வேகன் கொராடோ காரின் பெடல் பெட்டியைத் தேடிப் பிடியுங்கள். வீல் போல்ட்டும் பொருந்தாது. உங்களுடையது 4 போல்ட், 100 மி.மீ.; டிடியுடையது 5 போல்ட், 100 மி.மீ. முன்பக்கத்துக்கு கொராடோ விஆர்6 ஹப் போட்டால் நாலு சக்கரமும் ஒரே மாதிரி ஆகிவிடும், பிரேக்கும் பெரிதாகும்.

கேள்வி: அதே மாடலில் நாலு சக்கர டிரைவோடு சின்க்ரோ இருந்ததே, அந்தப் பாகங்களே போதாதா?

பதில்: 200 குதிரைசக்தி போதும் என்றால் போதும். 1986இல் வந்த சின்க்ரோவிலும் 1989இன் ராலி கோல்ஃபிலும் இருந்தது விஸ்கஸ் கப்ளிங், அதாவது கெட்டியான திரவத்தால் விசையைக் கடத்தும் இணைப்பு. அந்த ராலி கோல்ஃப் சூப்பர்சார்ஜரோடு 160 குதிரைசக்திதான். 200க்கு மேல் ஏற்ற ஏற்ற கியர்பாக்ஸுக்கு ஆயுள் குறையும், உதிரியும் எளிதில் கிடைக்காது. ஆனால் கையில் நல்ல சின்க்ரோ உடல் இருந்தால் அதை வெட்ட எனக்கு மனசு வராது.

கேள்வி: பின்பக்கத் தரையை வெட்டாமல் டிடியின் பின் சப்ஃப்ரேமை (பின் சக்கரங்களையும் டிஃபரன்ஷியலையும் தாங்கும் சட்டத்தை) பூட்ட முடியுமா?

பதில்: முடியாது. ஸ்டெப்னிக் குழியும் அதன் முன்னால் உள்ள தகடும் போயே ஆக வேண்டும். டிடியின் பின் தரையையே அறுத்து வந்து பற்றவைப்பவர்கள் உண்டு. கோல்ஃபுக்கென்று குழாயில் சப்ஃப்ரேம் செய்பவர்களும் உண்டு. இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். டிடியின் இடது, வலது பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் உங்கள் வண்டியைவிட ஏறத்தாழ 8 செ.மீ. அகலம். அப்படியே போட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ராலி கோல்ஃபின் உப்பிய மட்கார்டு ஞாபகம் இருக்கிறதா? அது அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல.

வெட்டுவதற்கு முன்னால் கதவு நிலைகளுக்குக் குறுக்கே குழாய் பற்றவையுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்தபின் பின் கதவு மூடாது.

முன்னாலிருந்து பின்னால் விசையைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டில்தான் அவசரப்பட்டுப் பணத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,475 மி.மீ. டிடி சுமார் 5 செ.மீ. குட்டை, நான்காம் தலைமுறை கோல்ஃப் சுமார் 4 செ.மீ. நீளம். ஆகவே எந்த ஷாஃப்டும் நேராகப் பொருந்தாது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் இறுதி மவுண்டில் உட்கார்ந்து, நாலு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கும்போது அளவெடுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது எடுத்த அளவு தப்பும். நீளம் மாற்றிய ஷாஃப்டைக் கட்டாயம் பேலன்ஸ் செய்ய வேண்டும். விட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் தரை முழுக்க உறுமும், நடு பேரிங் சீக்கிரமே போய்விடும்.

டர்போவிலிருந்து புகையை இறக்கும் டவுன்பைப்பையும் நாலு சக்கர மாடலில் இருந்தே எடுங்கள். முன்சக்கர மாடலின் பைப் பெவல் பெட்டியில் இடிக்கும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஆனால் முன் சக்கரம் மட்டுமே சுழல்கிறது.

பதில்: ஹால்டெக்ஸ் தானாக முடிவெடுக்காது. த்ராட்டில், இன்ஜின் விசை, நாலு சக்கரத்தின் வேகம் எல்லாம் டிடியில் கேன் பஸ் வழியாக, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர் வழியாக வரும். 1989 வண்டியில் அது ஏது? தனித்து இயங்கும் கன்ட்ரோலர் போடுங்கள். பிரேக் லைட் சுவிட்ச், ஹேண்ட்பிரேக் சுவிட்ச் இரண்டின் வயரையும் அதற்குக் கொடுங்கள். கொடுக்காமல் ஓட்டும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின் சக்கரத்தோடு சேர்ந்து முன்பக்கமும் இழுபடும், இன்ஜின் அணையும்.

சோதிக்கிறேன் என்று முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். கிளட்ச் பிடித்த நொடியில் வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். சரளைக்கல் மைதானம் போதும்.

ஆயிலில் ஒரு எச்சரிக்கை. ஹால்டெக்ஸ் யூனிட்டில் கிளட்சுக்கு ஒன்று, டிஃபரன்ஷியலுக்கு ஒன்று என இரண்டு தனி அறைகள். கிளட்ச் அறைக்கு 275 மி.லி. குழலில் வரும் ஹால்டெக்ஸ் ஆயில் மட்டுமே. கியர் ஆயிலை அதில் ஊற்றினால் பிளேட்டுகளின் பிடி கெட்டுவிடும். 30,000 கி.மீ.க்கு ஆயில், 60,000க்கு ஃபில்டர். டயர் மாற்றினால் நாலும் சேர்த்து. இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்றால் சுற்றளவு வேறுபாட்டை ஹால்டெக்ஸ் சறுக்கல் என்றே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போதே இன்ஜின் திணறுகிறது. பம்ப் புதிது.

பதில்: ரிட்டர்ன் குழாயை அடைத்துவிட்டீர்களா? ஷாஃப்டுக்கு வழிவிட டேங்க் சேணம் போல இரண்டு பைகளாக இருக்கும். பம்ப் ஒரு பையில். மறுபையில் உள்ளதை உறிஞ்சி இந்தப் பக்கம் தள்ளுவது திரும்பி வரும் பெட்ரோலின் ஓட்டம்தான். பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரை மாற்றும்போது ரிட்டர்னை மூடினால் மறுபை நிரம்பியே கிடக்கும், பம்ப் காற்றை இழுக்கும். டர்போ அழுத்தத்தில் அப்படி நடந்தால் பிஸ்டன் உருகும். முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: இன்ஜினைப் பிரிக்காமல் எவ்வளவு சக்தி வரை போகலாம்?

பதில்: குதிரைசக்தியை விடுங்கள், டார்க்கை, அதாவது சுழற்றும் விசையைப் பாருங்கள். பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சுமார் 400 நியூட்டன் மீட்டரில் வளையத் தொடங்கும், அதுவும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சட்டென்று பூஸ்ட் ஏற்றினால். நாலு சக்கரமும் பிடிப்பதால் டயர் சுழன்று தப்பிக்காது. சுமை முழுவதும் ராடில்தான். மேலே போவதானால் ஃபோர்ஜ்டு ராடு வாங்குங்கள், ஆனால் பிஸ்டன் பின்னை அளந்த பிறகு: சில இன்ஜினில் 19 மி.மீ., சிலவற்றில் 20. எப்படியும் இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் வலையைப் புதிதாகப் போடுங்கள். இந்த இன்ஜினில் அது கரிக் கசடால் அடைபடும். அடைபட்டால் முதலில் போவது டர்போ.

கேள்வி: ரோட்டில் ஓட்ட அனுமதி?

பதில்: ஜெர்மனியில் தனி வண்டிக்கான பரிசோதனை உண்டு. பரிசோதகரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசுவது வெட்டுவதற்கு முன்னால். பிரிட்டனில் உடலை வெட்டியதை வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவிடமும் இன்சூரன்ஸிடமும் சொல்லிவிடுங்கள்.